கப்பல் காசு

ஜனவரி 6

அன்புள்ள சகலைக்கு,

இங்கே எல்லாரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். பெரியவளுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன் வீட்டில் ஒரு லிஃப்ட் உண்டா என்று என்னைத் திட்டிக்கொண்டே படியேறுகிறாள். அங்கே அவள் தங்கை சின்னவளும் பிள்ளைகளும் சுகம்தானே?

நீங்கள் செய்து அனுப்பிய பல் செட் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. முதல் நாள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கூட இருக்கும் எலெக்ட்ரீஷியன், "என்னண்ணே, பொண்ணு பார்க்கக் கிளம்பிட்டீங்களா?" என்றான். அத்தனை பளபளப்பு! ஈறு ஓரத்தில் ரோஸ் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தது, புதினா வாசனையோடு. குச்சியால் எடுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் காசுச் சுற்றுப்பெட்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று போனில் சொன்னேன் அல்லவா? அது இனி உங்களுடையது. மற்ற இரண்டு பேரும் என் வார்த்தையை நம்பிச் சரி என்றார்கள். "எங்க வீட்டு ஆளு, நான் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறேன். பெட்டி இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது.

வழக்கம் இதுதான். பெட்டி என்னிடமிருந்து உங்களுக்கு, உங்களிடமிருந்து கெமிஸ்ட்ரி டீச்சருக்கு, அவரிடமிருந்து இங்கே மார்க்கெட் பக்கம் இருக்கும் பேக்கரிக்காரருக்கு, பிறகு மறுபடியும் எனக்கு. ஆசை தீரப் பார்த்துவிட்டு ஒரு மாதத்துக்குள் அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். பிடித்த காசை எடுத்துக்கொண்டு ஈடாக உங்கள் காசு ஒன்றை வைக்கலாம். எந்த நாட்டுக் காசானாலும் சரி. மூலையில் இருக்கும் கப்பல் காசை மட்டும் எடுக்கக் கூடாது. அது பேக்கரிக்காரருடையது. அவருடைய அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஏதோ தூரத்துத் துறைமுகத்தில் கிடைத்ததாம். சாகும்வரை சட்டைப்பையிலேயே வைத்திருந்தார் என்று கேள்வி. நாங்களும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பெட்டியில் விட்டுவைத்திருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பாய்மரத்துக் கயிறுகூடத் தெரியும்.

சின்னவளுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் சகலை


ஜனவரி 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

அக்காவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம், அதைவிட நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

பெட்டி வந்த அன்றே சாப்பாட்டு மேஜையில் துணி விரித்துக் கடை பரப்பிவிட்டோம். ஓட்டைக் காசைச் சின்னவள் மோதிரமாக மாட்டிப் பார்த்தாள். உள்ளே போனது, வெளியே வரவில்லை. சோப்பு போட்டுத்தான் கழற்றினோம். ஓரம் பூப்போல வளைந்திருக்கும் அலுமினியக் காசை நான் எடுத்துக்கொண்டு, ஆமை போட்ட காசு ஒன்றை வைத்திருக்கிறேன். பல் கட்டிக்கொண்ட மாலுமி ஒருவர் எனக்குக் கொடுத்தது.

ஒன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. மாமனார் வீட்டுக்கு வந்தால் எப்போதும் உங்களுக்கு நாற்காலி, எனக்கு ஸ்டூல். பல் செட்டு மாப்பிள்ளை என்று மச்சான்மார்கள் கேலி செய்வதும் எனக்குத் தெரியும். இப்போது என் பெயரையும் ஓர் இடத்தில் சேர்த்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

அந்தக் கப்பல் காசுக்கு என் கையால் ஒரு சின்ன மரியாதை செய்திருக்கிறேன். என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன். எங்கள் பட்டறையில் மெருகு போடாமல் ஒரு பல்கூட வெளியே போகாது. அவ்வளவுதான் சொல்வேன். பேக்கரிக்காரர் திறக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க நான் அங்கே இல்லையே என்பதுதான் குறை. பெட்டியை இன்று காலை டீச்சருக்கு அனுப்பிவிட்டேன்.

அக்காவை எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பல்லுக்காரன்


மார்ச் 4

அன்புள்ள சகலைக்கு,

நீங்கள் எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பெரிய லிஃப்ட் ஒன்று படுத்துவிட்டது; அதோடு மல்லுக்கட்டவே பொழுது சரியாக இருந்தது.

பேக்கரிக்காரர் பெட்டியைத் திறந்தார். என்னை உடனே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனபோது மாவுக் கையோடு அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கப்பல் காசு மேஜையில் கிடந்தது. புதுக் குழாய் மாதிரி மினுமினுத்தது. கயிறெல்லாம் மழுங்கிவிட்டது.

"இது எங்கப்பா காசு இல்ல" என்றார். நான் எடுத்துப் பார்த்துவிட்டு, அதேதான் என்றேன். "காசு அதேதான். எங்கப்பா தொட்டது போயிடுச்சே" என்றார். வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து பன் கேட்டார், எடுத்துக் கொடுத்தார்.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, பழைய செம்புக் காசின்மேல் இருக்கும் கருஞ்சிவப்பு, அழுக்கு இல்லை. அதுதான் காசின் தோல். எத்தனையோ வருஷத்துக் காற்றும் கைகளும் கொடுத்தது. தேய்த்தால் போனது போனதுதான்; யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. காசு சேர்க்கிறவர்களுக்கு இது பாலபாடம். அதனால்தானோ என்னவோ, பெட்டியை அனுப்பும்போது உங்களுக்கு இதை எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. காசைத் தேய்த்தவர் என்று ஒருவருக்குப் பெயர் வந்துவிட்டால், அப்புறம் அவரோடு யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

டீச்சரிடமிருந்துதான் பெட்டி வந்தது, அவருடைய லேபில் ஆசிட் இருக்கிறது என்று பேக்கரிக்காரர் சந்தேகப்படுகிறார். உங்களையும் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார், கேட்கிறேன். உங்களிடமிருந்து கிளம்பும்போது அந்தக் காசு எப்படி இருந்தது?

பதில் எழுதுங்கள்.

உங்கள் சகலை


மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கடிதம் இன்றுதான் கிடைத்தது, உடனே எழுதுகிறேன்.

படித்துவிட்டு மனம் மிகவும் சங்கடப்பட்டது. பேக்கரிக்காரருக்கு என் வருத்தத்தைச் சொல்லுங்கள். என்னைப் பொறுத்தவரை எல்லாக் காசையும் நல்லபடியாகத்தான் அனுப்பினேன்.

இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. பட்டறையில் மெழுகெல்லாம் இளகிப்போகிறது. பெரிய பையனுக்குப் பரீட்சை. சின்னவள் அக்காவுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
உங்கள் பல்லுக்காரன்


மார்ச் 31

அன்புள்ள சகலைக்கு,

தைலம் வந்து சேர்ந்தது. பெரியவள் தடவிக்கொண்டு, பரவாயில்லை என்கிறாள். பையன் பரீட்சை நன்றாக எழுதினானா?

போன ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் பேசி முடித்தோம். டீச்சரும் பஸ் பிடித்து வந்திருந்தார். பேக்கரிக்காரர் காசை எடுத்து அவர் முன்னால் வைத்தார். டீச்சர், "எங்கிட்ட வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றார் பேக்கரிக்காரர். உங்கள் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன். 'நல்லபடியாகத்தான் அனுப்பினேன்.' டீச்சர் தன் முன்னால் வைத்த டீயைக் குடித்து முடித்தார், டம்ளரைக் கழுவி வைத்தார், வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

இனிமேல் பெட்டி டீச்சர் வீட்டுக்குப் போகாது. உங்களிடமிருந்து நேராக பேக்கரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். கப்பல் காசு இனிப் பெட்டியில் வராது.

மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். முடிந்த விஷயம்.

உங்கள் சகலை


ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலமாக இருக்கிறோம். பையன் பாஸாகிவிட்டான்.

பெட்டி வந்த மறுநாளே பேக்கரிக்காரருக்கு அனுப்பிவிட்டேன். வேலை அதிகம், திறந்து பார்க்க நேரம் இல்லை. கட்டின கயிறுகூட அவிழ்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று சின்னவள் கேட்டாள். கண் வலிக்கிறது என்றேன்.

டீச்சர் அப்புறம் ஏதாவது எழுதினாரா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
பல்லுக்காரன்


ஜூன் 11

அன்புள்ள சகலைக்கு,

உங்கள் கண் எப்படி இருக்கிறது? பட்டறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். இங்கே பெரியவளுக்குக் கொஞ்சம் தேவலை.

டீச்சர் எழுதவில்லை. ஆனால் நேரில் பார்த்தேன். போன சனிக்கிழமை லைப்ரரி ஹாலில் காசு சேர்க்கிறவர்கள் கூட்டம் நடந்தது. வருஷா வருஷம் நடப்பதுதான். ஆளுக்கு ஒரு மேஜை. அதில் தட்டுகளைப் பரப்பி வைப்போம், ஒருவர் மேஜைக்கு இன்னொருவர் போய்ப் பேரம் பேசுவோம். டீச்சர் மேஜையைச் சுற்றி எப்போதும் கூட்டம் மொய்க்கும். எந்தக் காசில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு நிக்கல் என்று கதை மாதிரி சொல்லுவார்.

இந்த வருஷம் அங்கே ஒரு ஆள் இல்லை. பேக்கரிக்காரர் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. புதிதாக வந்த ஒரு பெண் தெரியாமல் போய் டீச்சர் தட்டிலிருந்து ஒரு காசை எடுத்தாள். பக்கத்து மேஜைக்காரர் அவளைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவள் காசைத் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள். டீச்சர் அந்தக் காசை எடுத்து, வரிசையில் நேராக்கி வைத்தார்.

சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்த சாப்பாட்டை அங்கேயே தனியாகச் சாப்பிட்டார். போகும்போது என் மேஜைப் பக்கம் வந்து, ஆஸ்பத்திரி லிஃப்ட் சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் இதையெல்லாம் உங்களுக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் சகலை


ஜூலை 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். சுகமாக இருக்கிறேன் என்று எழுத முடியவில்லை.

அந்தக் காசைத் தேய்த்தது நான்தான். பட்டறைச் சக்கரத்தில் பசை போட்டு, பல்லுக்குப் போடுகிற மாதிரியே மெருகு போட்டேன். முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எதையும் விடவில்லை. அழுக்கு என்று நினைத்தேன். சத்தியமாக அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தேன்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்ததும் அப்போதே உண்மையை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கொடுத்த நாற்காலி போய்விடுமே என்று பயம் வந்தது. உங்கள் முகத்தில் கரி பூசிவிட்டேனே என்று வெட்கம். 'நல்லபடியாகத்தான் அனுப்பினேன்' என்று எழுதினேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட அயோக்கியத்தனம்! அந்த வரியை நீங்கள் எல்லார் முன்னாலும் படித்தீர்கள் என்று தெரிந்த அன்றிலிருந்து வேலையில் புத்தி நிற்கவில்லை. ஒரு பெண்மணிக்குப் பல்லை அளவு மாற்றிச் செய்துவிட்டேன்.

டீச்சர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சின்னவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "காசைத் தேய்ச்சேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன். இதுக்கு எப்படிங்க சிரிக்கிறது?" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பேக்கரிக்காரருக்கும் டீச்சருக்கும் நானே சொல்லிவிடப் போகிறேன். உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும் என்று இதை எழுதினேன். என்ன திட்டினாலும் தகும்.

பல்லுக்காரன்


ஜூலை 27

அன்புள்ள சகலைக்கு,

அவசரப்பட வேண்டாம். இதைப் படித்துவிட்டு அப்புறம் எதையும் செய்யுங்கள்.

எனக்குத் தெரியும். 'சின்ன மரியாதை' என்று நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தவன் நான்தானே. பேக்கரியில் காசைக் கையில் எடுத்தபோது எழுத்துகளின் இடுக்கில் ரோஸ் பசை இருந்தது. புதினா வாசனை. என் வாயிலேயே அந்த வாசனை இருக்கும்போது அடையாளம் தெரியாதா? தெரிந்துதான் உங்களைக் கேட்டேன். நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். இல்லை என்றதும், சரி, நம் வீட்டு ஆளை நாமே காட்டிக்கொடுப்பதா என்று விட்டுவிட்டேன்.

இப்போது நீங்கள் சொன்னால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும். பொறுப்பு என்று சொன்னவன் நான். கடிதத்தைப் படித்துக் காட்டியவன் நான். இத்தனை வருஷம் இந்த ஊரில் காசு விஷயத்தில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. டீச்சர் படித்தவர், தைரியசாலி. இதெல்லாம் நாளாவட்டத்தில் ஆறிப்போகும். அடுத்த வருஷக் கூட்டத்துக்குள் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

பெரியவளுக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம்.

உங்கள் சகலை


ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

அக்கா நலமா? உங்கள் கடிதம் கிடைத்தது. இருந்தும் டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறார். கதவைத் திறந்தவரிடம், நான்தான் பல்லுக்காரன் என்றேன். உள்ளே வரச் சொன்னார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டார். பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"காசைத் தேய்ச்சது தெரியாம செஞ்சது. அந்த வரி தெரிஞ்சு எழுதினது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி சொன்னார். ஆமாம் என்றேன்.

அதோடு வந்திருப்பேன். வாசலில் செருப்பை மாட்டும்போது, நான்தான் தேய்த்தேன் என்று உங்களுக்கு எப்போது தெரியும் என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே தெரியும். உடனே உங்க சகலைக்குப் போன் பண்ணினேனே. புதுசா சேர்ந்தவர், பாவம், தெரியாம மெருகு போட்டுட்டார். வட்டத்துல சொல்லி அவரை அவமானப்படுத்திடாதீங்க, பேக்கரிக்காரர்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்கன்னேன். சரின்னார்."

பிப்ரவரி முதல் வாரத்தில் போன் செய்தாராம். பேக்கரிக்காரர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே. நீங்கள் என்னைக் கேட்டு எழுதுவதற்கும் முன்பே.

அப்படியானால் அன்றைக்கு பேக்கரியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவர் சொல்லுவார்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். டீயை ஆத்திக்கிட்டே இருந்தார்" என்றார்.

அண்ணா, எனக்குத் தலை நிமிரவில்லை. முன்பின் பார்க்காத என்னுடைய மானத்தைக் காப்பாற்ற அவர் போன் செய்திருக்கிறார். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவருடைய மானத்தை வாங்கிவிட்டோம். உங்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முதல் பொய் என்னுடையது.

பேக்கரிக்காரருக்கு என் பங்கை எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரியும் என்பதையோ, டீச்சர் போன் செய்ததையோ எழுதவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆமைக் காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை இனி எனக்கு அனுப்ப வேண்டாம்.

அக்காவுக்கு எங்கள் அன்பு.

பல்லுக்காரன்


அக்டோபர் 4

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

லிஃப்ட் மெக்கானிக் எழுதுகிறேன். நீங்கள் நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். உங்களை அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் சகலையின் கடிதம் வந்த பிறகும் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். பேக்கரிக்காரர் அவர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார். உங்களையும் ஏமாத்திட்டாரே உங்க சகலை என்று எனக்காக வருத்தப்பட்டார். அதற்கும் தலையாட்டினேன், டீச்சர். என் வேலையில் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் கதவைத் தட்டுவார்கள், கத்துவார்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை. போன மாதம் பூராவும் பல் செட்டைக் கழற்றி வைக்கும்போதெல்லாம் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க அருவருப்பாக இருந்தது. கடைசியில் பெரியவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இன்று காலை லைப்ரரி ஹால் ஆட்களையும் பேக்கரிக்கு வரச் சொல்லியிருந்தேன். உங்கள் மேஜைக்கு வராதவர்கள் எல்லாரும் வந்தார்கள், அந்தப் புதுப் பெண்ணும் வந்தாள். நீங்கள் எனக்குப் போன் செய்ததைச் சொன்னேன். என் மனைவியின் தங்கை வீட்டை நினைத்து மறைத்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். அது பாதிதான், என் பேச்சுக்கு இருந்த மதிப்புக்காகத்தான் மறைத்தேன் என்று அதையும் சொன்னேன். பேக்கரிக்காரர் உள்ளே போய் அந்தக் கப்பல் காசை எடுத்துவந்து பெட்டியில் அதன் இடத்தில் வைத்தார். "முதல்ல டீச்சர் வீட்டுக்குப் போகட்டும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டி இதோடு வருகிறது. இனி அது உங்களிடமிருந்து யாருக்குப் போக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அந்த வரிசையில் நான் வேண்டாம்.

பிப்ரவரியில் போனை வைக்கும் முன், "மறக்காம சொல்லிடுவீங்கல்ல?" என்று கேட்டீர்கள். சொல்லிடறேன் டீச்சர் என்றேன்.

இன்றுதான் சொன்னேன்.

லிஃப்ட் மெக்கானிக்